முரசு மறுக்கப்பட்ட நகரம்

ட்ரினிடாட் தீவின் போர்ட் ஆஃப் ஸ்பெயினில் ஜனவரி மாதத்து இரவுகளில் யாரிடமும் வழி கேட்க வேண்டியதில்லை. காதில் விழும் ஒலியைப் பிடித்துக்கொண்டு நடந்தால் ஏதாவது ஒரு பான்யார்டின் வாசலில் போய் நிற்போம். டியூக் தெருவில் நான் போய் நின்றது அப்படித்தான். தூரத்தில் கேட்டபோது பல கோயில் மணிகள் ஒன்றாக அசைவதுபோல இருந்தது. வாசலுக்கு வந்ததும் அது நெஞ்சுக்கூட்டுக்குள் அதிர்ந்தது. உள்ளே சக்கரம் பொருத்திய இரும்புச் சட்டங்களில் எண்ணெய்ப் பீப்பாய்கள் வரிசை வரிசையாக நின்றன. நகரின் பழைய ஸ்டீல்பான் குழுக்களில் ஒன்றான ட்ரினிடாட் ஆல் ஸ்டார்ஸின் முற்றம் அது. கட்டணம் கிடையாது, வாயிற்காவலர் கிடையாது. ஓரத்தில் ஒரு பெண் பெரிய பாத்திரத்தில் சோள சூப் கிண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போட்டிருந்த பெஞ்சில் இடம் பிடித்தவர்கள் அதைக் குடித்துக்கொண்டே கேட்டார்கள்.

வாசிப்பவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். மருத்துவமனைச் சீருடையைக் கூட மாற்றாமல் வந்த ஒரு தாதி, பள்ளிப் பையைச் சட்டத்தில் தொங்கவிட்ட ஒரு சிறுவன், கழுத்தில் வங்கி அடையாள அட்டை ஆடும் ஓர் இளைஞன், தலை முழுக்க நரைத்த ஒரு பெரியவர். யாரிடமும் இசைத்தாள் இல்லை. முன்னால் நிற்பவர் சில சுரங்களை வாசித்துக் காட்டுகிறார். பத்துப் பேர் அதை வாங்குகிறார்கள், அடுத்த பத்துப் பேருக்குப் போகிறது. பிசகினால் நிறுத்தி மறுபடி முதலிலிருந்து. எட்டு நிமிடப் பாடல் ஒன்றை 120 பேர் வரை இப்படியே செவிவழியாக மனப்பாடம் செய்கிறார்கள். மெல்லிசை பாடும் டெனர் பான் ஒரு பீப்பாயின் மேல்மூடியும் விளிம்பும் மட்டும்தான். பேஸ் வாசிப்பவரைச் சுற்றி ஆறு, ஒன்பது என்று முழுப் பீப்பாய்கள் நிற்கும். அவர் அவற்றின் நடுவே ஏறக்குறைய நடனமாடுகிறார். எல்லாவற்றுக்கும் மையத்தில் இருப்பதை எஞ்சின் ரூம் என்கிறார்கள். பறைகளும் கார்களின் பழைய பிரேக் டிரம்களும் அங்கே. அந்த இரும்பை அடிக்கிறவர்தான் குழுவின் நாடி. இரவு 11 மணிக்கு அந்தத் தாதி குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு இரவுப் பணிக்குக் கிளம்பினார்.

2011 கணக்கெடுப்பின்படி நகர எல்லைக்குள் வசிப்பவர்கள் சுமார் 37,000 பேர்தான். ஆனால் கிழக்கு மேற்காக நீளும் புறநகர்களிலிருந்து மாலைதோறும் வந்து குவிகிறவர்களைச் சேர்த்தால்தான் இந்த ஊரின் உண்மையான அளவு தெரியும். அவர்களில் பெரும்பாலானோர் வருவது வாசிக்க, பாட, ஆடை தைக்க, ஆட, அல்லது இவற்றைப் பார்க்க. வேலை நேரம் போக மிச்சமிருக்கும் பொழுதைப் போக்குவதற்கு ஒரு வழி என்றுதான் கேளிக்கையை நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். ஆனால் இந்த நகரத்தில் தெருவில் யார் நிற்கலாம், யார் சத்தமாகப் பேசலாம், யாருடைய ஒலி ஊரின் ஒலி என்ற வழக்குகளெல்லாம் கேளிக்கையின் வழியாகவே தீர்க்கப்பட்டிருக்கின்றன. சில வழக்குகள் இன்னும் நடக்கின்றன.

மறுநாள் காலை உலர் ஆற்றைத் தாண்டிக் கிழக்கே போனேன். 1787இல் ஸ்பானிய ஆளுநர் சக்கோன் திசை மாற்றிய ஆறு இப்போது சிமென்ட் கால்வாய். அதற்கு அப்பால் லாவென்டில் குன்று. சரிவெங்கும் ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள், படிக்கட்டுகளே சந்துகள். விடுதலை பெற்ற அடிமைகளும் பின்னாளில் வேலை தேடி வந்த ஏழைகளும் குடியேறிய பகுதி. நகரத்தார் இன்றும் இதைப் ‘பாலத்துக்கு அந்தப் பக்கம்’ என்கிறார்கள். சொல்லும்போது குரல் சற்றுத் தாழ்கிறது. இங்கே பிறந்து வளர்ந்த ஒரு பான் கலைஞர் என்னுடன் நடந்தார். வீட்டுக்கு வீடு நின்று நலம் விசாரித்ததில் குன்றின் பாதி உயரத்துக்குப் போகவே முற்பகல் ஆகிவிட்டது.

இருபதாம் நூற்றாண்டில் பிறந்து உலகெங்கும் பரவிய ஒலிக்கருவிகளில் மின்சாரமின்றி ஒலிப்பவை மிகச் சில. அவற்றில் தலையாயது பிறந்தது இந்தக் குன்றைச் சுற்றித்தான். அதன் கதை ஒரு தடையில் தொடங்குகிறது. 1884இல் ஆங்கிலேய அரசு தெருவில் முரசு அடிப்பதையும், தீப்பந்தம் ஏந்துவதையும், பத்துப் பேருக்கு மேல் கம்புடன் கூடுவதையும் ஒடுக்கச் சட்டம் கொண்டுவந்தது. தோல் முரசு போனதும் மக்கள் மூங்கிலை வெட்டினார்கள். வெவ்வேறு நீளத்துக் குழாய்களைத் தரையில் குத்தினால் வெவ்வேறு ஒலி. டம்பூ பாம்பூ என்று பெயர். ஐம்பது ஆண்டுகள் இந்த ஊரின் தாளம் மூங்கிலில்தான் இருந்தது. 1930களில் பிஸ்கட் தகரம், பெயின்ட் டப்பா, குப்பைத்தொட்டி மூடி என்று உலோகம் நுழைந்தது. அடிபட்டு ஒடுங்கிய இடம் ஒரு சுரமும் ஒடுங்காத இடம் வேறொரு சுரமும் தருவதைப் பையன்கள் கண்டுகொண்டார்கள். பிறகு போர், 1942 முதல் கார்னிவல் திருவிழாவுக்குத் தடை. 1945 மே மாதம் ஐரோப்பாவில் போர் முடிந்த செய்தி வந்த அன்று தகரங்கள் தெருவில் வெடித்தன. எண்ணெய் எடுக்கும் தீவு, அமெரிக்கப் படைத்தளங்களும் இருந்தன. 55 காலன் பீப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. எல்லி மானெட் பீப்பாயின் முகத்தை உள்நோக்கிக் குழித்தார், சுரங்களுக்கு இடம் கிடைத்தது. ஆன்தனி வில்லியம்ஸ் அவற்றைச் சிலந்தி வலைபோல வட்டமாக அடுக்கினார். பெர்ட்டி மார்ஷல் ஒவ்வொரு சுரத்துக்குள்ளும் அதன் மேல்சுரம் ஒலிக்கும்படி சுத்தியலால் செதுக்கினார். இவர்களில் யாரும் பொறியியல் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் அல்ல.

குழுக்களின் பெயர்களில் எனக்குத் தனி ஆசை வந்துவிட்டது. காசாபிளாங்கா, டெஸ்டினேஷன் டோக்கியோ, டெஸ்பராடோஸ், இன்வேடர்ஸ். எல்லாம் போர்க்காலத் திரைப்படங்கள். திரையரங்கில் மலிவான டிக்கெட் வாங்கி முன்வரிசையில் உட்கார்ந்த பையன்கள் வெளியே வந்து தங்கள் குழுக்களுக்கு அந்தப் பெயர்களை வைத்தார்கள். பெயரோடு சேர்த்து அடிதடியையும் எடுத்துக்கொண்டார்கள். 1940களிலும் 50களிலும் இரண்டு குழுக்கள் தெருவில் எதிர்ப்பட்டால் கத்தியும் பாட்டிலும் பறக்கும். மகன் பான் வாசிக்கிறான் என்று தெரிந்தால் நடுத்தர வீட்டுத் தகப்பன் தோலை உரித்துவிடுவார். 1951இல் பதினொருவர் கொண்ட குழு ஒன்று லண்டனில் நடந்த பிரிட்டன் திருவிழாவில் வாசிக்கப் போனது. துருப்பிடித்த பீப்பாய்களைப் பார்த்து முகம் சுளித்தவர்கள் வாய் பிளந்து நின்றார்கள் என்று இங்கே எல்லாரும் சொல்கிறார்கள், நேரில் பார்த்ததுபோல. அறுபதுகளில் எண்ணெய் நிறுவனங்களும் சிகரெட் நிறுவனங்களும் குழுக்களுக்குப் பணமும் சீருடையும் தந்தன. சண்டை ஓய்ந்தது. 1992இல் பான் தேசிய இசைக்கருவியானது. 2025இல் நாட்டின் சின்னத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பானைப் பொறிக்கச் சட்டம் இயற்றினார்கள்.

ஆனால் குன்று அப்படியே இருக்கிறது. துப்பாக்கிக் கும்பல்களின் அச்சத்தால் டெஸ்பராடோஸ் குழுவே தன் பழைய மலைமுற்றத்தை விட்டுக் கீழே இறங்க வேண்டிவந்தது. உடன் வந்தவர் அந்த முற்றம் இருந்த திசையைக் கையால் காட்டினார், அதற்கு மேல் என்னைக் கூட்டிப்போகவில்லை. ஒரு நாடு தன் சின்னத்தில் ஏற்றிவைத்த கருவியைப் பெற்றெடுத்த தெருக்களில் தண்ணீர்க்குழாயும் வேலையும் பாதுகாப்பும் இன்னும் பேச்சளவில் இருப்பது என்னை உறுத்துகிறது. கலையைக் கொண்டாடுவது எளிது, கலைஞர்களின் தெருவுக்குச் செலவழிப்பது கடினம் என்பதை இந்த நகரத்தின் ஆட்சியாளர்கள் அறுபது ஆண்டுகளாக நிரூபித்துவருகிறார்கள்.

குன்றிலிருந்து இறங்கினால் நகர நடுவில் உட்ஃபோர்ட் சதுக்கம். எதிரே நாடாளுமன்றம் இருக்கும் சிவப்பு மாளிகை. 1950களின் நடுவில் வரலாற்றாசிரியர் எரிக் வில்லியம்ஸ் இந்த மரங்களின் கீழ் நின்று ஆயிரக்கணக்கானோருக்கு அரசியல் வகுப்பெடுத்தார். ‘உட்ஃபோர்ட் சதுக்கப் பல்கலைக்கழகம்’ என்றே அதற்குப் பெயர். இன்றும் மரத்தடியில் நாலைந்து பேர் உரத்து வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் இந்த மக்களுக்கு அரசியல் கற்றுத்தந்தவர் வில்லியம்ஸ் மட்டுமல்லர், கலிப்ஸோ பாடகர்கள் அவருக்கு மூத்தவர்கள். மூங்கிலும் ஓலையும் வேய்ந்த கொட்டகைகளில் தொடங்கிய அவர்களுடைய அரங்குகளுக்கு இன்றும் ‘டென்ட்’ என்றுதான் பெயர், கான்கிரீட் கட்டடத்துக்குள் நடந்தாலும்.

அப்படியொரு டென்டில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தேன். மின்கட்டணம், குண்டும் குழியுமான சாலை, ஓர் அமைச்சரின் வெளிநாட்டுப் பயணம், கணவனின் கஞ்சத்தனம் என்று எல்லாமே பாட்டு. வரி பிடித்துப்போனால் கூட்டம் எழுந்து நின்று மறுபடி பாடச் சொல்கிறது. பிடிக்காவிட்டால் கழிப்பறைக் காகிதச் சுருளை அசைத்துக் காட்டுகிறது. பாடகர்களின் பட்டப்பெயர்களில் சிங்கமும் புலியும் பிரபுக்களும் உண்டு. அட்டிலா தி ஹன் என்ற பெயரில் பாடிய ரேமண்ட் குவெவேடோ 1946இல் நகரசபைக்கும் 1950இல் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1934இல் வந்த அரங்குச் சட்டம் கலிப்ஸோவைத் தணிக்கைக்கு உட்படுத்தியது. பாட்டுக்கு அரசு அஞ்சியதற்கு அதைவிடச் சான்று வேண்டுமா?

1956இல் வில்லியம்ஸின் கட்சி ஆட்சிக்கு வந்தது. அதே ஆண்டு கார்னிவலில் மைட்டி ஸ்பாரோ என்ற இருபது வயது இளைஞர், அமெரிக்கப் படைகள் கிளம்பிய பின் நகரத்தின் நிலை பற்றிய பாட்டுடன் கலிப்ஸோ மன்னரானார். அவருக்குக் கிடைத்த பரிசு 40 டாலர். வெளுத்த தோல் அழகிகள் வெல்லும் கார்னிவல் ராணிப் போட்டிக்கு அதைவிடப் பல மடங்கு. அடுத்த ஆண்டு ஸ்பாரோ போட்டியைப் புறக்கணித்தார். பரிசுகள் மாறின. 1978இல் கலிப்ஸோ ரோஸ் வென்றபோது ‘மன்னர்’ என்ற பட்டத்தையே மாற்ற வேண்டியதாயிற்று, பெண்ணுக்குப் பொருந்தாதே. இந்த ஊரின் சமூக வரலாற்றை எழுதுகிறவர் நாளிதழ்களைவிட இந்தப் பாட்டுகளை முதலில் திறக்க வேண்டும்.

மேற்கே ட்ராகரெட் சாலையில் குயின்ஸ் பார்க் ஓவல் மைதானம். வடக்கே பச்சை மலை, சுற்றிலும் சமான் மரங்கள். 1971 மார்ச்சில் இந்தியா மேற்கிந்தியத் தீவுகளை டெஸ்ட் போட்டியில் முதன்முதலாக வென்றது இங்கேதான். காவஸ்கரின் முதல் போட்டி. இரண்டாவது இன்னிங்ஸில் நம் வெங்கட்ராகவன் 95 ரன்களுக்கு 5 விக்கெட் எடுத்தார். அதே தொடரின் கடைசிப் போட்டியும் இங்கே. காவஸ்கர் 124, 220. தோற்றுப்போன ஊர் என்ன செய்தது? லார்ட் ரிலேட்டர் என்ற பாடகர் காவஸ்கரைப் புகழ்ந்து ஒரு கலிப்ஸோ கட்டினார், ஊரே அதைப் பாடியது. 1976இல் 403 என்ற இலக்கை எட்டி இந்தியா இதே மைதானத்தில் மறுபடி வென்றது. எதிரியின் ஆட்டத்தைப் பாட்டாக்கி ரசிக்கத் தெரிந்த கூட்டத்தின் நடுவே கிரிக்கெட் பார்ப்பது ஒரு பேறு. சங்கு ஊதுவார்கள், இரும்பு தட்டுவார்கள், நடுவரைக் கேலி செய்து அங்கேயே வரி கட்டுவார்கள். இரண்டாம் நாள் தேநீர் இடைவேளைக்குள் அந்த வரி மைதானம் முழுக்கப் பரவிவிடும்.

இன்னும் மேற்கே போனால் செயின்ட் ஜேம்ஸ். தெருப்பலகைகளில் கல்கத்தா, பம்பாய், லக்னோ, டெல்லி, பாட்னா, மெட்ராஸ். 1845 முதல் 1917 வரை சுமார் 1,44,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக ட்ரினிடாடுக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறிய போஜ்புரிக்காரர்கள், மெட்ராஸில் ஏறியவர்கள் சிறு பகுதியினர். பழைய கரும்புத் தோட்டம் ஒன்றைச் சுற்றி அவர்கள் அமைத்த குடியிருப்பு இது. இங்குள்ள நேபால் தெரு வீடுதான் நைபாலின் ‘மிஸ்டர் பிஸ்வாஸ்’ நாவலில் வரும் வீட்டுக்கு மூலம். மூட்டூ, பெர்மெல் போன்ற குடும்பப் பெயர்களில் நம் முத்துவும் பெருமாளும் இருக்கிறார்கள். மொழி போய்விட்டது. ஆனால் தீவின் காளி கோயில்களில் தப்பு அடிக்கிறார்கள், மாரியம்மனுக்கு வேப்பிலை உண்டு. மறந்துபோன மொழியைத் தாளம் ஞாபகம் வைத்திருக்கிறது என்று எனக்குச் சொன்னவர் ஒரு பழக்கடைக்காரர். அவருடைய பாட்டிக்குச் சில தமிழ் வரிகள் தெரிந்திருந்தனவாம், பொருள் தெரியாமல்.

முகரம் மாதத்தில் செயின்ட் ஜேம்ஸில் ஹோசே ஊர்வலம். ஹுசைனின் நினைவாக மூங்கிலும் வண்ணத்தாளும் கொண்டு கட்டிய கோபுரங்களைத் தெருவில் இழுத்துவருவார்கள். சிவப்பும் பச்சையுமாக இரு பிறைகளைத் தோளில் சுமந்து சுழல்வார்கள். தாஸா முரசுகளை நெருப்பில் காய்ச்சி இறுக்கி அடிப்பார்கள். நான் போனது அந்தப் பருவமில்லை, ஆனால் தாஸா அடிக்கும் இளைஞர்கள் ஒரு கல்யாண வீட்டு வாசலில் தீ மூட்டியிருந்தார்கள். சுற்றி நின்று ஆடியவர்களில் பாதிப் பேர் ஆப்பிரிக்க வழியினர். கறுப்பர்களின் முரசைத் தடை செய்த அதே 1884இல், அக்டோபர் 30 அன்று, சான் ஃபெர்னாண்டோ ஊருக்குள் ஹோசே ஊர்வலமாக நுழைய முயன்ற இந்தியர்களைக் காவலர்கள் சுட்டார்கள். பலர் இறந்தனர், நூற்றுக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். இரு மக்களின் தாளத்தையும் ஒரே ஆண்டில் அடக்கப் பார்த்தது அரசு. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து, இந்தியக் கிராமங்களுக்கு நடுவில் வளர்ந்த லார்ட் ஷார்ட்டி டோலக்கின் அடியைக் கலிப்ஸோவுக்குள் கொண்டுவந்தார், சோக்கா என்ற இசை பிறந்தது. இன்று உலகின் எந்தக் கார்னிவலுக்குப் போனாலும் ஒலிப்பெருக்கியில் வருவது அதுதான். தேர்தல் மேடைகளில் இரு சமூகங்களையும் பிரித்துப் பேசுகிறவர்கள் இந்தத் தாளத்தை ஒரு முறையாவது கவனித்துக் கேட்டால் நல்லது.

உட்புரூக் பகுதியில் மரச்சல்லடை வேலைப்பாடுள்ள சிறு வீடுகள். கார்னிவல் நெருங்கும்போது அவற்றில் பல மாஸ் கேம்புகளாகிவிடும், அதாவது வேட உடைகள் செய்யும் கூடங்களாக. ஒரு வீட்டின் பின்கட்டில் எழுபதைத் தாண்டிய ஒரு கம்பி வளைப்பவரைப் பார்த்தேன். வரைபடம் எதுவும் இல்லை. இடுக்கியால் கம்பியை வளைக்க வளைக்க வௌவாலின் இறக்கை வந்தது. விரல் எலும்புகள், நகம், மடிப்பு எல்லாம். கற்றுக்கொள்ள ஆள் வருவதில்லை என்றார். இப்போது பெரிய பாண்டுகளின், அதாவது வேடக் குழுக்களின், உடை என்பது பெரும்பாலும் மணிகள் கோத்த நீச்சலுடையும் இறகும், அவற்றில் பல சீனாவிலிருந்து பெட்டியில் வருகின்றன.

அவர் கார்னிவல் வேட வடிவமைப்பாளர் பீட்டர் மின்ஷலின் காலத்தைப் பற்றிப் பேசினார். 1983இல் மின்ஷல் ‘நதி’ என்ற பாண்டைக் கொண்டுவந்தார். முதல் நாள் வெள்ளை உடுத்த பெரும் கூட்டம், தலைக்கு மேல் நீண்ட வெண்துணி ஆறு, முன்னால் வெளுப்புக்காரி. எதிரே நண்டு மனிதன், பேராசையும் இயந்திரமும் கலந்த உருவம். அவன் மேலிருந்த வெண்பட்டு விதானத்தில் ரத்தச் சிவப்பு பரவியது. இரண்டாம் நாள் வெளுப்புக்காரி செத்துக்கிடந்தாள். ஆடியவர்கள் வண்ணநீரை ஒருவர்மேல் ஒருவர் கொட்டிக்கொள்ள, அந்த வெள்ளையெல்லாம் அழிந்தது. ஆறுகளை மாசுபடுத்தும் நாட்டுக்கு அவர் சொன்ன செய்தி அது. மேடை தெருதான். நடிகர்கள் குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும்தான். இதே மின்ஷல் பின்னர் பார்சிலோனா, அட்லாண்டா ஒலிம்பிக் தொடக்க விழாக்களில் பணியாற்றினார். உலகம் அவரைக் கூப்பிட்டது. தெருவில் ஒரு முழு நாடகத்தை ஆயிரக்கணக்கான சாதாரண மக்கள் நடித்த அந்தக் காலம் மட்டும் மீளவில்லை. எனக்கு இது பேரிழப்பாகவே படுகிறது.

அருகிலேயே அரியாப்பிட்டா அவென்யூ. ஒரு தலைமுறைக்கு முன் குடியிருப்புத் தெரு, இப்போது மதுக்கடைகளும் உணவகங்களும். விடிகாலை 3 மணிக்கும் டபுள்ஸ் வண்டியைச் சுற்றிக் கூட்டம். மஞ்சள் சேர்த்துப் பொரித்த இரு மெல்லிய பாராக்களின் நடுவே கொண்டைக்கடலை, வெள்ளரி, புளி, சுடும் மிளகாய். அமைச்சரும் ஆட்டோமெக்கானிக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்று காகிதத்தில் வழித்துத் தின்கிறார்கள். இந்தத் தெருவில் இன்னும் குடியிருக்கும் முதியவர்கள் சத்தத்தைப் பற்றி நகரசபைக்கு ஓயாமல் எழுதுகிறார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது, தூக்கமும் ஓர் உரிமைதான்.

கார்னிவலுக்கு முந்தைய வெள்ளி, இருள் விலகுமுன், பிக்கடில்லி தெருவில் கூட்டம் கூடியிருந்தது. 1881இல் இங்கே நடந்ததை ஆண்டுதோறும் நடித்துக் காட்டுகிறார்கள். நாடகத்தை எழுதியவர் கவிஞர் இயின்டு பெர்ல் ஸ்பிரிங்கர். கரும்புத் தோட்டங்களில் தீப்பிடித்தால் அடிமைகளைச் சவுக்கால் ஓட்டிக்கொண்டுபோவார்கள். விடுதலைக்குப் பின் அதே மக்கள் அதைத் தங்கள் ஊர்வலமாக்கினார்கள். பந்தம், முரசு, சிலம்பம் போன்ற கம்பாட்டம். கேம்பூலே என்று பெயர். காவல் தலைவர் கேப்டன் பேக்கர் 1880இல் அதைத் தடுத்தபோது அடங்கிப்போனவர்கள் மறு ஆண்டு தெருவிளக்குகளை உடைத்துவிட்டு இருட்டில் காத்திருந்தார்கள். காவலர்களோடு மோதல் மூண்டது. ஆளுநர் ஃப்ரீலிங் கடைசியில் நேரில் வந்து பேசிக் காவலர்களை முகாமுக்குள் அனுப்பினார், ஊர்வலம் நடந்தது. நடிப்பவர்கள் பந்தங்களோடு ஓடிவரும்போது பக்கத்தில் நின்ற பாட்டி தன் பேரனின் தோளைப் பிடித்து, “பார், இவங்கதான் நம்மளுக்குத் தெருவை வாங்கிக் கொடுத்தவங்க” என்றார்.

சனிக்கிழமை இரவு சவானா. சுமார் 260 ஏக்கர் புல்வெளி. பெஷியே குடும்பத்தின் கரும்புத் தோட்டத்தை 1817இல் ஆளுநர் உட்ஃபோர்ட் நகரத்துக்காக வாங்கினார். மதில் சூழ்ந்த அவர்களுடைய குடும்பக் கல்லறை இன்னும் உள்ளே இருக்கிறது. குதிரைப் பந்தயம் பார்த்த இடத்தில் பனோரமா என்ற ஸ்டீல்பான் போட்டியைப் பார்க்கிறார்கள், 1963 முதல். நான் மாடத்துக்குப் போகவில்லை. மேடைக்கு இட்டுச்செல்லும் பாதையில் குழுக்கள் தங்கள் முறைக்காகக் காத்திருந்து கடைசி முறை வாசித்துப் பார்க்கும், அங்கே நின்றேன். குழுவின் ஆதரவாளர்கள் நூற்றுக்கணக்கில் சட்டங்களைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் நிறுத்தி வாசிக்கும்போது இரண்டடி தள்ளி நின்று கேட்கலாம். டியூக் தெருவில் பார்த்த தாதி இப்போது பளபளக்கும் சட்டையில் இருந்தார். பழையவர்கள் ஜிட் சமரூவைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். இந்திய வம்சாவளிக் கிராமத்துக்காரர். கறுப்பர்களின் குழு என்று பெயரெடுத்த சார்லட் தெரு ரெனிகேட்ஸுக்கு இசையமைத்து ஒன்பது பனோரமாக்களை வென்று தந்தவர். 1995, 96, 97 மூன்றும் தொடர்ச்சியாக.

திங்கள் விடிகாலை 4 மணிக்கு, கார்னிவலைத் தொடங்கிவைக்கும் ஜூவே. சேறு, கறுப்பு எண்ணெய், கோகோ. அரை மணி நேரத்தில் யார் கறுப்பர், யார் இந்தியர், யார் வெள்ளையர் என்று தெரியாது. நீல நிறம் பூசி வால் கட்டிய சாத்தான்கள் காசு கேட்டு வழிமறிக்கின்றன. பழைய உடையில் திணித்த தலையணைகளோடு பிரெஞ்சுச் சீமாட்டிகளைக் கேலி செய்யும் ஆண்கள். 1783இல் ஸ்பெயின் அழைத்துக் குடியேறிய அந்தத் தோட்டக்காரர்களின் முகமூடி நடனங்களைச் சமையற்கட்டிலிருந்து பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகள் இவர்கள்.

செவ்வாயன்று கயிற்றைப் பார்த்தேன். பெரிய பாண்டுகள் தெருவில் வரும்போது நாலு பக்கமும் கயிறு, அதைப் பிடித்துக்கொண்டு சீருடைக் காவலர்கள். பல நூறு அமெரிக்க டாலர் கட்டி உடை வாங்கியவர்கள் உள்ளே. மதுவும் உணவும் கழிப்பறை வண்டியும் உடன் வருகின்றன. மற்றவர்கள் நடைபாதையில். உள்ளே ஆடுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஆண்டு முழுவதும் அலுவலகத்தில் உழைத்துச் சேமித்தவர்கள். தொல்லையின்றி ஆட இந்தக் கயிறு அவசியம் என்கிறார்கள். அதை நான் மறுக்க மாட்டேன். 2016 கார்னிவல் முடிந்த காலையில் சவானாவில் ஜப்பானியப் பான் கலைஞர் ஒருவர் கொலையுண்டு கிடந்தார். அன்றைய மேயர் பெண்களின் நடத்தையைக் குறைகூறிப் பேசினார். பெண்கள் நகரசபை முன் திரண்டார்கள், சில நாள்களில் அவர் பதவி விலகினார். தெருவில் பெண் தன் விருப்பப்படி ஆடும் உரிமையும் இங்கே போராடிப் பெற்றதுதான். 2025 கார்னிவல் நடந்ததே கொலைகள் பெருகியதால் அறிவிக்கப்பட்ட அவசரநிலைக்கு நடுவில்தான்.

ஆனாலும் கயிறு என்னை வருத்துகிறது. அன்று நண்பகலில் கயிற்றுக்கு வெளியே, லாவென்டில் குன்றிலிருந்து இறங்கிவந்த ஒரு கிழவர் நாளிதழில் செய்த தொப்பியும் மரத்துப்பாக்கியுமாக மிட்நைட் ராபர் வேடத்தில் நின்றார். தன் வீரத்தை அளந்துவிடும் நீண்ட வசனத்தை யாராவது கேட்கமாட்டார்களா என்று பார்த்தார். லாரி ஒலிப்பெருக்கியில் அவர் குரல் எடுபடவில்லை. 1881இல் அடிபட்டவர்களின் வாரிசு அவர்தான். அவருக்கு இடமில்லாத கார்னிவல் எத்தனை அழகாக இருந்தாலும் குறைதான் என்று நினைக்கிறேன். பெல்மான்ட் பகுதியிலிருந்து வந்த ஒரு சிறு பாண்டில் கயிறு இல்லை, தாங்களே செய்த முகமூடிகள். கிழவர் அவர்களோடு சேர்ந்துகொண்டார்.

சாம்பல் புதனன்று நகரத்தில் பாதி மரக்காஸ் கடற்கரையில் இருந்தது. டியூக் தெருவில் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், நாற்பது ஆண்டுகளுக்கு மேல் டெனர் பான் வாசிப்பவர், பொரித்த மீன் வைத்த ரொட்டியோடு மணலில் உட்கார்ந்திருந்தார். கயிற்றைப் பற்றிக் கேட்டேன்.

“தம்பி, பணக்காரங்க எந்தக் காலத்துல கயிறு கட்டாம இருந்தாங்க? அப்போ மாளிகைக்குள்ள ஆடினாங்க, நாங்க தெருவுல ஆடினோம். இப்போ அவங்களும் தெருவுக்கு வந்திருக்காங்க. கயிறு அவங்களோட கவலை. என் கவலை வேற. வர்ற மாசம் ட்யூனர் வரணும், ஆறு பேஸ் பான் சுதி விட்டுப்போச்சு. சனிக்கிழமை பிள்ளைங்க வகுப்பு ஆரம்பிக்கணும். போன வருஷம் முப்பது பேர் வந்தாங்க, அதுல குன்றுக்கு மேல இருந்து வந்தது நாலு பேர்தான். ராத்திரி ஒன்பது மணிக்கு அந்தப் பிள்ளைங்களை யார் பத்திரமா வீட்டுக்குக் கொண்டுபோய் விடுறது? ஒரு வண்டி வேணும். அதைப் பத்தி எழுதுங்க.”